மழைக்கு நார்ச்செருப்பு

வன்னியப்பன் முப்பது வருடம் கோட்டைக் காவலில் இருந்தவன். ஐம்பது வயதில் அதை விட்டுவிட்டு, கழுகுப்பாறை மலையடிக்குப் பன்றி வேட்டை கற்றுக்கொள்ள வந்தான். ஆசான் நல்லக்காள் அவனைவிடப் பதினைந்து வயது இளையவர். தினைப் புனத்தில் பன்றி இறங்கினால் அந்த மலையூர்க்காரர்கள் முதலில் கூப்பிடுவது அவரைத்தான்.

வந்த அன்றே அவன் கேட்டது செருப்பைப் பற்றி.

"வெயிலுக்கு எருமைத்தோல். சூடும் ஏறாது, முள்ளும் ஏறாது," என்றார் நல்லக்காள். "மழைக்குப் பனைநார். தோல் நனைஞ்சா கனக்கும், பாசியில வழுக்கும். பனிக்கு ஆட்டுத்தோல். சருகுல சத்தம் வராது."

அவர் வீட்டுத் திண்ணையிலேயே தங்கி, மூன்று ஜோடியும் செய்துகொண்டான். காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பான். ஒரு ஜோடியை எடுப்பான்.

ஐப்பசியில் ஒருநாள், விடியும்போதே மழை. நார்ச்செருப்பைப் போட்டுக்கொண்டு முதல் முறையாகத் தனியே மலையேறினான். நடுப்பகலில் நொண்டிக்கொண்டு திரும்பினான். ஈட்டி தீட்டிக்கொண்டிருந்த நல்லக்காள் முன்னால் கிழிந்த செருப்புகளை வீசினான்.

"உங்க பேச்சைக் கேட்டதுக்குப் பலன் இது!"

"என்ன ஆச்சு?"

"மழைக்கு நாருன்னு சொன்னீங்க. போட்டேன். பாறையில நல்லாத்தான் நின்னுச்சு. பன்றியைப் பார்த்தேன், எறிஞ்சேன், விலாவுல பட்டுச்சு. இலந்தைப் புதருக்குள்ள ஓடிருச்சு. பின்னாலேயே போனா, பத்தடிகூட வைக்கல, முள்ளு நாரைக் கிழிச்சுக்கிட்டு ஏறிருச்சு. பாருங்க காலை!"

அவர் காலைப் பார்க்கவில்லை.

"பன்றி எங்கே?"

"நான் செருப்பைப் பத்திக் கேக்குறேன். மழையில முள்ளுக்காடு வந்தா என்ன போடணும்னு நீங்க சொல்லவே இல்லையே. பாதி சொல்லித் தர்றதுக்கா உங்களை ஆசான்னு கும்பிட்டேன்?"

"சொல்லலை. அது என் தப்புதான். பன்றி எங்கே?"

"புதருக்குள்ளன்னு சொன்னேனே."

"உயிரோடயா?"

"உயிரோடதான்."

"ஈட்டி?"

"அது உடம்புலயே நிக்குது."

நல்லக்காள் எழுந்தார். அவர் குரல் உயர்ந்து வன்னியப்பன் அதுவரை கேட்டதில்லை.

"அந்தப் புதருக்குக் கீழே விறகுப் பாதை. பொம்பளைங்க சுமையோட இறங்குற நேரம். குத்துப்பட்ட பன்றியை அங்கே விட்டுட்டு, செருப்புக்கு நியாயம் கேக்க இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க!"

"முள்ளு ஏறின காலோட அது பின்னால எப்படிம்மா போறது?"

"அதே காலோடதானே இங்கே வரைக்கும் வந்தீங்க?"

அதற்குள் நல்லக்காள் ஈட்டியோடு வேலியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். அவன் எருமைத்தோல் செருப்பை எடுத்தான். பிறகு அதைக் கீழே எறிந்துவிட்டு, வெறுங்காலோடு பின்னால் ஓடினான்.

விறகுப் பாதையில் சுள்ளிகள் சிதறிக் கிடந்தன. சற்று மேலே ஒரு பாறையின் உச்சியில் செவந்தி ஒண்டியிருந்தாள். அந்த ஊர்க்காரிதான். கையில் அரிவாள், கெண்டைக்காலில் இரத்தம். கீழே பன்றி நின்றது. விலாவில் ஒடிந்த ஈட்டி தொங்கியது. அது பாறையை முட்டியது, பின்வாங்கியது, மறுபடி முட்டியது. வாயெல்லாம் நுரை.

நல்லக்காள் பக்கவாட்டில் இறங்கினார். பன்றி திரும்பியது. முன்னங்காலுக்குப் பின்னால் ஒரே குத்து. அது சாய்ந்து, கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டு, அடங்கியது.

வன்னியப்பன் செவந்தியை இறக்கிவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து அவள் காலில் கட்டினான்.

"யாரு குத்துன பன்றி இது?" என்றாள் அவள்.

"நான்தாம்மா."

"குத்திட்டு எங்கே போனீங்க?"

அவன் நல்லக்காளைப் பார்த்தான். அவர் பன்றியின் உடம்பிலிருந்து ஒடிந்த ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"வீட்டுக்கு," என்றான்.

"வீட்டுக்கா?" செவந்தி கட்டுப் போடும் அவன் கையைத் தட்டிவிட்டாள். "வலி தாங்காம அது கத்துன கத்து கீழே ஓடை வரைக்கும் கேட்டுச்சே. உங்க காதுல விழலையா?"

விழுந்திருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. அவள் வேண்டாம் என்று ஏசிக்கொண்டே இருக்க, அவளை முதுகில் சுமந்து ஊர்வரை இறங்கினான். அவளும் வழி முழுக்க ஏச்சை நிறுத்தவில்லை.

சாயங்காலம் ஓடைக்கரையில் உட்கார்ந்து காலிலிருந்து முள் எடுத்தான். நல்லக்காள் தண்ணீரில் ஈட்டியைக் கழுவினார்.

"அம்மா, இனிமே செருப்பையே தொட மாட்டேன். வெறுங்காலோடதான் வேட்டைக்கு வருவேன். சத்தியம்."

நல்லக்காள் ஈட்டியைக் கரையில் ஊன்றினார். கோபம் இன்னும் தணியவில்லை.

"இதுவும் செருப்புப் பேச்சுதான். போட்டுக்கோங்க. வெயிலுக்குத் தோலு, மழைக்கு நாரு, பார்த்துப் பார்த்துப் போட்டுக்கோங்க. ஈட்டி கையில இருக்குற வரைக்கும் கால் உங்களோடது. எறிஞ்சு பட்டுருச்சுன்னா, அது சாகுற வரைக்கும் கால் பன்றியோடது."