புது டயரும் மஞ்சள் விளக்கும்

“மாஸ்டர், என் காருக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சுங்க!”

பயிற்சித் திடலில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கத்தினார் குழந்தைவேல். சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் கதவைக்கூடச் சாத்தவில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் மில் வைத்திருப்பவர். அடுத்த மாதம் ஐம்பது முடிகிறது. ஐம்பது முடிந்தவர்களைப் பந்தயக் கிளப்பில் புதிதாகச் சேர்ப்பதில்லை. அணியில் காலியாக இருப்பது ஒரே ஓர் இடம். இன்று மதியம், குறித்த நேரத்துக்குள் தளத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினால் அது அவருக்கு. இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் இல்லை.

மாஸ்டர் என்று அவர் கூப்பிட்டது ரெபேக்காவை. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். பந்தயம் ஓட்டியவர், இப்போது ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அதிகம் பேசமாட்டார். அதற்கும் சேர்த்துக் குழந்தைவேல் பேசிவிடுவார்.

“என்னாச்சுங்ணா?”

“அந்த மஞ்ச லைட்டுங்க! ஆக்சிலேட்டர் மேல காலை வெச்சாப் போதும், மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. உடனே வண்டி சுணங்கிப்போகுது. சட்டைக் காலரைப் புடிச்சுப் பின்னாடி இழுக்கற மாதிரி இருக்குதுங்க!”

அவர் திட்டியது டிராக்‌ஷன் கண்ட்ரோலை. சக்கரம் தரையைப் பிடிக்காமல் வெறுமனே சுழன்றால், அதுவாகவே இன்ஜினை அடக்கிவிடும் ஏற்பாடு. அடக்கும்போது விளக்கு மினுக்கும்.

“பழைய டயர்ல இந்த ரோதனையே இல்லீங்க. நேத்துத்தான் நாலும் புதுசு மாத்தினேன். புதுசு இன்னும் நல்லாப் புடிக்கணுமில்லீங்க? அப்ப டயர் மேல தப்பில்லை. அந்தக் கண்ட்ரோலுதான் புத்தி பேதலிச்சுக் கெடக்குது. ஆஃப் பண்ணியுடுங்க, நான் பறந்து காட்டறேன்!”

ரெபேக்கா குனிந்து டயரைப் பார்த்தார். கருகருவென்று மின்னியது.

“ஊர்ல இருந்து ஓட்டிட்டா வந்தீங்க?”

“லாரியில ஏத்தித்தானுங்க கொண்டு வந்தேன். புது டயரு அழுக்காகக் கூடாதில்லீங்க! விடியால பூசை போட்டம். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், ஒரு குறையும் வெக்கலை. டயருக்குப் பாலிஷ்கூட நானே என் கையால போட்டேனுங்க.”

“பக்கவாட்டுல மட்டுமா?”

“சேச்சே! அரைகுறை வேலையெல்லாம் நம்மகிட்டக் கெடையாதுங்க. தரையில உருள்ற பக்கமும் சேர்த்துத்தான்!”

அந்த மனுசர் முகத்தில் என்ன பெருமை!

ரெபேக்கா டயரின் மேல் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தார். அந்தக் கையை அப்படியே நீட்டினார்.

“கையக் குடுங்ணா.”

குழந்தைவேல் கொடுத்தார். ரெபேக்கா அதை நன்றாகக் குலுக்கிவிட்டு, புதுத் தண்ணீர் பாட்டில் ஒன்றை அவரிடம் நீட்டினார்.

“தொறங்க.”

திருகினார். மூடி கையில் வழுக்கியது.

“பலமாத் திருகுங்ணா.”

பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். இன்னும் வழுக்கியது.

“இன்னும் பலமா!”

குழந்தைவேல் நிறுத்தினார். கையைப் பார்த்தார். டயரைப் பார்த்தார்.

“அய்யய்யோ!”

வெட்கம் பிடுங்கித் தின்றது அவருக்கு. சோப்புத் தண்ணீர் வாளியோடு தரையில் உட்கார்ந்து நான்கு டயரையும் தேய் தேய் என்று தேய்த்தார். சட்டையின் வெள்ளை போன இடம் தெரியவில்லை.

“இப்பப் போதுங்களா மாஸ்டர்?”

“பாலிஷ் போயிருச்சு. புதுசு இன்னும் போகலீங்ணா. அச்சுல வார்த்த வழவழப்பு மேலயே இருக்குது. ஓட்டித்தான் போகும்.”

“அப்ப ஒரே மிதியா மிதிச்சுத் தேச்சுப்போடறேன்!”

“லைட்டு மினுக்காம ஓட்டித் தேயுங்க.”

அங்கேதான் வந்தது வினை. மில்லில் ஆளை விரட்டியே பழகிய மனிதரின் கால் அது, சொன்ன பேச்சைக் கேட்குமா? மிதித்தார், மினுக்கியது. கொஞ்சம் குறைத்து மிதித்தார், அதற்கும் மினுக்கியது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சுற்றினார். மணி ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் காலைப் பதமாக வைத்தார். மினுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அப்போதும் மினுக்கவில்லை. வளைவில் திரும்பும்போது பொறுத்து, கார் நேரானபின் அழுத்தினார். எத்தனை சுற்று என்று அவர் எண்ணவில்லை. டயர் மினுமினுப்பெல்லாம் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது.

“அடுத்தது குழந்தைவேல்!” என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது.

காருக்குள் இருந்தபடியே ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டார்.

“மாஸ்டர், கும்புட்டுக் கேக்கறேன். இப்பவாச்சும் அதை ஆஃப் பண்ணியுடுங்க. நடுவுல ஒருக்கா காலரைப் புடிச்சு இழுத்துச்சுன்னா என் கதை முடிஞ்சுதுங்க!”

ரெபேக்கா ஜன்னல் வழியாக உள்ளே கையை விட்டார். டாஷ்போர்டில் ஏதோ செய்தார். விளக்கு இருந்த இடத்தில் கறுப்பு டேப்பை ஒட்டினார்.

“போயிட்டு வாங்ணா. ரோட்டை மட்டும் பாருங்க.”

கொடி அசைந்தது. கார் சீறிக்கொண்டு கிளம்பியது!

முதல் வளைவு, இரண்டாம் வளைவு, நீண்ட நேர்பாதை. இன்ஜின் முழுக்குரலில் பாடியது. காலரை யாரும் இழுக்கவில்லை. கடைசி வளைவில் கார் தரையோடு ஒட்டித் திரும்பியபோது குழந்தைவேல் ஹெல்மெட்டுக்குள் “ஆஹா!” என்று கத்தியது அவருக்கே கேட்டது.

நேரம் குறிக்கிறவர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்தினார்.

கிடைத்துவிட்டது!

குழந்தைவேல் இறங்கிக் குதித்தார். நிஜமாகவே குதித்தார். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் பல்.

“பாத்தீங்களா மாஸ்டர்! நான் அப்பவே சொன்னேனில்லீங்க? அந்தச் சனியனை ஆஃப் பண்ணினதும் வண்டி எப்படிப் பறந்துச்சு! ஒரு எடத்துல இழுக்கலீங்க, ஒரு எடத்துல!”

“ஆஃப் பண்ணியிருந்தா, அங்க ‘ஆஃப்’னு எழுத்து எரியுமுங்ணா. டேப்பை எடுத்துப் பாருங்க.”

தலையை உள்ளே விட்டு டேப்பை உரித்தார். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அங்கே எந்த எழுத்தும் எரியவில்லை.

உரித்த டேப்பும் கையுமாகத் தலையை வெளியே எடுத்தார்.

“அப்ப... வழியெல்லாம் அது ஆன்லதான் இருந்துச்சுங்களா?”

“ஆமாங்ணா.”

“பின்ன என்னத்துக்குங்க சும்மா இருந்துச்சு?”

“நீங்க அதுக்கு வேலை வெக்கலீங்ணா.”