விளக்கருகே குனிந்தவள்

விடைத்தாள் திருத்தும் முகாமின் கடைசி நாள் அது. மங்கையர்க்கரசிக்குக் காலையிலிருந்தே தலைகால் புரியவில்லை.

புரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. திரைப்படத் திறனாய்வுத் தாள் அவளிடம் வந்திருந்தது. 'உப்பு மேடு' படத்தின் இறுதிக் காட்சியைக் கொண்டு கதைப்போக்கு, பாத்திரம், கருப்பொருள் ஆகியவற்றை ஆய்க என்று பதினைந்து மதிப்பெண் கேள்வி. கட்டுக்குள் நாற்பது விடைத்தாள். அதில் முப்பத்தொன்றில் ஒரே வாக்கியம்.

"பேச்சி விளக்கை ஊதி அணைப்பது அவளுடைய நம்பிக்கையின் முடிவைக் குறிக்கும் குறியீடாகும்."

அது மங்கையின் வாக்கியம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் மாணவர்களுக்காக அவள் எழுதிய நோட்ஸ், ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸாகி ஆறு கல்லூரிக்குப் போயிருந்தது. யார் பெற்ற பிள்ளைகளோ, அவள் வைத்த முற்றுப்புள்ளி வரை மாறாமல் எழுதியிருந்தார்கள். பார்த்தால் சந்தோஷம் வராதா என்ன? பதின்மூன்று, பதினான்கு என்று தாராளமாகப் போட்டுக்கொண்டே வந்தாள்.

முப்பத்தெட்டாவது தாளில் சந்தோஷம் கெட்டது.

கோழி கிளறின மாதிரி கையெழுத்து. வரிக்கு ஒரு பிழை. அந்தப் பிள்ளை இப்படி எழுதியிருந்தது: "பேச்சி விளக்கிடம் குனிகிறாள். காய்ந்த ஓலையில் தீயை எடுத்து அடுப்பை மூட்டுகிறாள். கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறாள். இது எதற்குக் குறியீடு என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பசித்திருக்கும் என்று நினைக்கிறேன்."

மங்கைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பாடத்திட்டத்தில் உள்ள ஒரே ஒரு படம், அதைப் பார்க்கக்கூட இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்கவில்லையே என்று முணுமுணுத்தபடி இரண்டு மதிப்பெண் போட்டாள். ஓரத்தில் சிவப்பு மையில், "படம் பார்க்காமல் எழுதியது" என்று எழுதி அடிக்கோடும் போட்டாள்.

மொத்தம் இருபத்தேழு. தேற முப்பது வேண்டும். மூன்று மதிப்பெண்ணில் போனது.

சாப்பாட்டு நேரத்தில் தலைமைத் தேர்வாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் பெயர் சவரிராயன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே பாடத்தை அவளுக்கு நடத்தியவர். இரண்டு மூன்று மதிப்பெண்ணில் தோற்கிற தாள்கள் அவர் பார்வைக்குப் போகும். அந்தத் தாள் அவர் மேசையில் விரிந்து கிடந்தது.

"உட்காரும்மா மங்கை. சாப்பிட்டியா?"

"இனிமேதான் சார்."

"இந்தப் பிள்ளை படம் பார்க்கலைன்னு நீ எழுதியிருக்கே."

"ஆமா சார். கதையை அதுவாவே இட்டுக்கட்டியிருக்கு. கடைசியில கஞ்சி குடிக்கிறாளாம்." மங்கை சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை.

"நீ படம் எப்போ பார்த்தே?"

"உங்க வகுப்புலதான் சார். நீங்கதானே போட்டுக் காட்டுனீங்க."

"மூணு பீரியடா பிரிச்சுக் காட்டினேன். ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு சார். மகன் வர்ற வரைக்கும் ராத்திரி அடுப்பு மூட்ட மாட்டேன்னு பட்டினி கிடப்பா. ஜன்னல்ல விளக்கு மட்டும் எரியும். கடைசியில விளக்குக்கிட்ட போய்க் குனிவா. அப்படியே இருட்டாயிடும். எங்க பெஞ்சுல எல்லாரும் அழுதோம்."

"இருட்டானதும் என்ன ஆச்சு?"

"மணி அடிச்சிது. எழுந்து போனோம்."

சவரிராயன் மடிக்கணினியைத் திறந்தார். கேள்வித்தாள் குழுவுக்குக் கொடுத்த படம் அதில் இருந்தது. கடைசிப் பகுதிக்குத் தள்ளி வைத்து, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

பேச்சி வந்தாள். உப்பு பூத்த கால். விளக்கை நோக்கிக் குனிந்தாள். உதடு குவிந்த மாதிரிதான் இருந்தது. மங்கை, "பாருங்க சார், ஊதப் போறா," என்றாள்.

பேச்சி ஊதவில்லை. கையிலிருந்த பனையோலையை நீட்டினாள். ஓலை பற்றியது. அதைக் கையால் மறைத்து எடுத்துப்போய் அடுப்பில் வைத்தாள். பானை ஏறியது. கஞ்சியைக் கலயத்தில் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஏழு நிமிஷம். ஒரு வசனம் கிடையாது.

படம் முடிந்ததும் மங்கை முகத்தில் ஈயாடவில்லை. சிவப்பு மையில் தான் போட்ட அடிக்கோட்டைப் பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒன்பது வருஷம். இந்தக் கையால் எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தினாள், எத்தனை பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணை வெட்டினாள். கண்ணால் கண்டதை எழுதின ஒரு பிள்ளையைப் பார்த்து நீ பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாள்.

வெட்கம் பொறுக்கமாட்டாத மனசு, பக்கத்தில் யார் இருந்தாலும் இழுத்துப்போட்டுக்கொள்ளும். அவளுடையதும் இழுத்தது.

"அந்த வரியை நானா எழுதலை சார். நீங்க வகுப்புல சொன்னது. என் பழைய நோட்டுல இன்னமும் இருக்கு."

சொன்ன மறுகணமே, சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா," என்றார் சவரிராயன். "நான்தான் சொன்னேன். மணி அடிச்சதும் அடுத்த வகுப்புக்காரர் வாசல்ல வந்து நின்னுட்டார். புரொஜெக்டரை அணைச்சேன். மறுநாள் வந்து, பேச்சி விளக்கை அணைச்சிட்டாள்னு சொல்லிக்கொடுத்தேன்."

"நீங்க அந்த ஏழு நிமிஷத்தைப் பார்த்ததே இல்லையா சார்?"

"பார்த்தேன். அந்த வருஷமே. லீவு விட்டப்புறம்."

மங்கை நிமிர்ந்தாள். "அப்போ ஏன் சார் எங்ககிட்டச் சொல்லலை?"

"நீங்க எல்லாரும் முதல் வகுப்புல தேறியிருந்தீங்க. கல்லூரியில எனக்குப் பாராட்டு வச்சாங்க. மாலை போட்டது நீதான்."

"அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்காவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம்னுதான் போனேன். அவங்க கையில உங்க நோட்டு இருந்துது."

மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் யாரோ தயிர்ச்சாதம் தீர்ந்துவிட்டது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் மதிப்பெண் திருத்தச் சீட்டு ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பழைய மதிப்பெண், புதிய மதிப்பெண், காரணம், கையெழுத்து. இரண்டு என்று எழுதி, பக்கத்தில் பதினான்கு என்று எழுதினாள். அந்தப் பிள்ளை யாரென்று அவளுக்குத் தெரியாது. தாளில் ஒரு எண்தான் இருந்தது. யாராயிருந்தாலும் அது தேறிவிட்டது.

காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

அந்த இடத்தில் எல்லாரும் எழுதுகிற வார்த்தை ஒன்று உண்டு. கூட்டல் பிழை. மேலிடத்தில் யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். இந்த முகாமில் காலையிலிருந்து ஒன்பது கூட்டல் பிழை போயிருந்தது.

"கூட்டல் பிழைன்னு எழுதிடவா சார்?"

"உன் இஷ்டம்."

மங்கை 'கூ' என்று ஆரம்பித்துவிட்டாள். பிறகு எழுத்தை அடித்தாள். காது வரைக்கும் சூடேறியது. மெதுவாக எழுதினாள்: "மதிப்பிட்டவர் படத்தை முழுமையாகப் பார்க்கவில்லை." கீழே கையெழுத்துப் போட்டுச் சீட்டை நகர்த்தினாள்.

சவரிராயன் அதை இரண்டு முறை படித்தார். தலைமைத் தேர்வாளர் கையெழுத்துக்கென்று கீழே ஒரு கட்டம் இருந்தது. அதை விட்டுவிட்டு, அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினார். அதன் பிறகுதான் கட்டத்துக்குப் போனார்.

மங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சார், அந்த முப்பத்தொரு தாளை என்ன பண்றது? எல்லாத்துக்கும் பதின்மூணு, பதினாலுன்னு போட்டு வச்சிருக்கேன்."

"அதுல கை வைக்காதே. பிள்ளைங்க நாம சொன்னதை நம்பி எழுதியிருக்காங்க."

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி சார் அப்படியே விடறது?"

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"அந்த முப்பத்தொண்ணும் நாம ரெண்டு பேரும் எழுதின விடைம்மா. நமக்கு எத்தனை போடலாம்னு நீயே சொல்லு."

மங்கை மூடியைத் திறக்கவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.