கடலுக்கு முதுகு காட்டிய மரங்கள்

மரத்துக்கும் பறவைக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு மொட்டைப் பாறைக் குன்று இருந்தது. பேருக்குக்கூட அதில் ஒரு புல் கிடையாது. உச்சியில் ஒரே ஒரு பனை மட்டும் பாறை இடுக்கில் வேர்விட்டு நின்றது. அதிகம் பேசாத பனை அது. காற்றடித்தால் ஓலையைச் சலசலத்துவிட்டு மறுபடி வாயை மூடிக்கொள்ளும். அதன் உச்சியில் கூடு கட்டியிருந்த செம்பருந்துதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசியது.

குன்றுக்குக் கீழே துறைமுகம். அதன் வாசலில் நீருக்கடியில் இரண்டு பக்கமும் பாறைகள். நடுவில் ஒரு தோணி நுழைகிற அகலத்துக்குத்தான் வழி. அந்த வழி கண்ணுக்குத் தெரியாது. ஊர்க்காரர்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. குன்றுக்குப் பின்னால் வெகுதூரத்தில் நீலமாக ஒரு மலை தெரியும். அதற்கு இரண்டு சிகரம். கடலிலிருந்து வரும்போது ஒற்றைப் பனை அந்த இரண்டு சிகரத்துக்கும் நட்டநடுவில் தெரிந்தால் பயமில்லாமல் நேரே வரலாம். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒதுங்கித் தெரிந்தால் தோணியின் அடிவயிறு கிழியும். கரையில் அடையாளம் பார்த்துத் தோணி விடுகிற இந்த வித்தைக்குக் கணியம் என்று பெயர். ஆண்கள் அதைக் கடலில் இருந்துதான் பார்த்தார்கள். கரையில் இருந்த பெண்களுக்குப் பனை ஒரு பனை, அவ்வளவுதான்.

தோணிகள் திரும்புகிற நாளில் பெண்கள் குன்றின் மேல் ஏறி நின்று கடலைப் பார்ப்பார்கள். பாறை கொதிக்கும். ஒரு காலை மாற்றி மறு காலை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை நிற்பார்கள். அப்படி ஒரு நாள், மாடக்கண்ணு என்ற தோணிக்காரனின் தங்கை, நிறைமாதக்காரி, மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்ட மாடக்கண்ணுவின் மனைவி வெயிலுகந்தாளுக்கு வந்ததே கோபம். இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒரு கையகலம் நிழலுக்குத் துப்பில்லையா என்று குன்றைப் பார்த்துக் கத்தினாள். குன்று என்ன சொல்லும்? பருந்துதான் மேலே இருந்து சொன்னது.

"கத்தி என்ன செய்ய? நிழல் வேணும்னா நீயே கொண்டு வா."

"கொண்டு வாரேன், பாத்துக்கிட்டே இரு" என்றாள் வெயிலுகந்தாள்.

அவள் வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டால் பிறகு அதை அவளாலேயே மாற்ற முடியாது. அப்படிப்பட்ட பிறவி.

பாறையில் மரம் வைக்க மண் வேண்டும். ஊரிலோ மணல்தான் இருந்தது. அவள் கண் துறைமுகத்தின் மேல் விழுந்தது. வாசலுக்கு வெளியே ஆழத்தில் நங்கூரமிடும் தூர தேசத்துக் கப்பல்கள் சரக்கு ஏற்றிக்கொள்ள வெறும் கப்பலாக வரும்போது, அலையில் புரண்டுவிடாமல் இருக்க அடித்தளத்தில் அவர்கள் ஊர் மண்ணை நிரப்பிக்கொண்டு வருவார்கள். சரக்கு ஏறியதும் அந்த மண்ணைத் தோணிகளில் ஏற்றிக் கரையில் கொட்டிவிட்டுப் போவார்கள். சிவப்பு மண், கறுப்பு மண், சாம்பல் நிற மண் எல்லாம் கேட்பாரில்லாமல் குவிந்து கிடந்தது. வெயிலுகந்தாள் ஒரு நார்ப்பெட்டியை எடுத்துத் தலையில் வைத்தாள்.

முதல் வருடம் ஊரே சிரித்தது. இரண்டாம் வருடம் சிரித்துச் சலித்தது. மூன்றாம் வருடம் அந்த மண்ணுக்குள் தூங்கிவந்த ஏதோ ஒரு விதை கண் விழித்து, இரண்டு இலையை நீட்டிக்கொண்டு, "இது எந்த ஊர்?" என்று கேட்டது. வெயிலுகந்தாள் அழுதுவிட்டாள். என்ன மரம் என்று யாருக்கும் தெரியாததால் அதற்கு மூத்தவள் என்று பெயர் வைத்தாள். வீட்டில் அவளுக்குப் பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவளையும் சேர்த்து நான்கு என்றுதான் அதன் பிறகு கணக்குச் சொன்னாள்.

மூத்தவளுக்குப் பின்னால் தங்கைகள் வந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு தேசத்து மரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை. தண்ணீருக்குச் சண்டை, வெயிலுக்குச் சண்டை. ஒன்றில் மட்டும் எல்லாம் ஒற்றுமை. கடலைப் பார்க்க வேண்டும். தன் ஊர்க் கப்பல் வருகிறதா என்று பார்ப்பதற்காகவே ஒவ்வொன்றும் எக்கி எக்கி வளர்ந்தது. பாயின் நிறத்தை வைத்தே, "அது எங்க ஊர்க் கப்பல்" என்று சொல்லிவிட்டு நாள் முழுக்க இலையை ஆட்டிக்கொண்டிருக்கும்.

பன்னிரண்டு வருடத்தில் அந்த மொட்டைப் பாறை ஊருக்கே மாலை நேரத்து வீடாகிவிட்டது. சிரித்தவர்களே குடும்பத்தோடு ஏறிவந்து பலகாரம் சாப்பிட்டார்கள். மாடக்கண்ணுவின் தங்கை, மயங்கி விழுந்தாளே அவள்தான், தன் மகளுக்கு அந்த நிழலில் வைத்துச் சடை பின்னினாள். வெயிலுகந்தாள் நடந்து போனால் கிழவர்கள்கூட வழிவிட்டார்கள். அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறத்தான் செய்தது. ஏறட்டுமே, பன்னிரண்டு வருடம் மண் ஏறிய தலை அது.

அந்த வருடம் மீன் பாடு இல்லை. மாடக்கண்ணுவும் மற்ற ஆண்களுமாகப் பதினோரு தோணிகள் வடக்கே வேறு கரையில் தங்கித் தொழில் செய்யப் போயின. போகும்போது மரங்கள் பனையின் இடுப்பு உயரம்தான். ஆண்கள் வருகிறபோது குன்று உச்சிவரை பச்சையாக நிற்க வேண்டும் என்று வெயிலுகந்தாளுக்கு ஆசை. ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, மீன் கழுவிய தண்ணீரை விடாமல் ஊற்றினாள். மரங்கள் எட்டு மாதத்தில் மடமடவென்று ஏறி, பனையின் தலையையும் தாண்டிவிட்டன. பனை ஒரு நாள் மெதுவாக, "எனக்கு ஒண்ணும் தெரியல" என்று சொன்னது. கடலைத்தான் சொல்கிறது என்று நினைத்து, வயசானவருக்கு எதற்குக் கடல் என்று பெண்கள் சிரித்துக்கொண்டார்கள்.

தோணிகள் திரும்புகிற நாள் வந்தது. உச்சி வெயில். பெண்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் பதினோரு பாயும் தெரிந்தன. எழுந்து நின்று முந்தானையை ஆட்டினார்கள். பாய்கள் நெருங்கவில்லை. வந்தன, தயங்கின, பக்கவாட்டில் திரும்பின. கடலிலிருந்து அடித்த கொண்டல் காற்று வலுத்து அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாறைகளின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. பெண்கள் குன்றிலிருந்து ஓடி இறங்கி, கரையில் கிடந்த கட்டுமரங்களை அலைக்கு எதிரே தள்ளிப் பார்த்தார்கள். அலை திருப்பித் திருப்பிக் கரையிலேயே போட்டது.

பருந்து பறந்துபோய்ப் பார்த்துவிட்டு மூச்சுவாங்கத் திரும்பியது. உச்சிவரை மூடிய இப்படி ஒரு பச்சைக் குன்று நம் ஊரில் ஏது என்று தோணிகளில் குழம்புகிறார்களாம். இதுதான் உங்கள் ஊர் என்று பருந்து சொன்னதும் மாடக்கண்ணு, "ஊர் இருக்கட்டும், பனை எங்கே?" என்று கேட்டானாம்.

வெயிலுகந்தாள் திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, தோணியில் இருக்கிறவன் கண்ணால் அந்தக் குன்றைப் பார்த்தாள். பச்சைக்குள் பனையைக் காணோம்.

பருந்து பனைக்கு நேர் மேலே போய் நின்று அடையாளம் காட்டப் பார்த்தது. பருந்தால் ஓரிடத்தில் நிற்க முடியுமா? காற்று தள்ளத் தள்ள வட்டம் போட்டது. கடலில் இருந்தவர்களுக்கு அது எந்தப் பக்கம் என்றே பிடிபடவில்லை.

வெயிலுகந்தாள் கோடாலியை எடுத்துக்கொண்டு குன்றேறினாள். பனையை மறைத்து முன்னால் நின்றது மூத்தவள்.

"அம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"நீ ஒரு தப்பும் செய்யல தாயி. தப்பு என்னுது. ஆனா வெட்டு உனக்கு விழுது."

மூத்தவள் கடல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பதினோரு பாயையும் பார்த்தாள். பிறகு, "கையை நடுங்கவிடாம வெட்டும்மா" என்றாள்.

வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் அவளே அலறினாள், மரம் அலறவில்லை. மூத்தவள் சாய்ந்தபோது பனையின் தலை ஒரு பக்கம்தான் தெரிந்தது. இன்னும் நாற்பது மரம் நின்றது. அவளிடம் பலமும் இல்லை, நேரமும் இல்லை. கோடாலியைப் பிடித்தபடி அடுத்த மரத்தின் முன்னால் போய் நின்று, தூக்க முடியாமல் நின்றாள்.

அப்போது அந்த நாற்பதும், ஒரு நாளும் ஒரு வார்த்தைகூட ஒத்துப்பேசாத அந்த நாற்பதும், ஒரே குரலில் அவளை விலகச் சொல்லின. நடுமுதுகு நெரிபடுகிற சத்தம் குன்று முழுக்கக் கேட்டது. கடலுக்கு எதிர்ப்பக்கமாக, தலை தரையைத் தொடுகிற அளவுக்கு மரங்கள் எல்லாம் வளைந்தன. ஒரு தடவை முதுகை வளைத்த மரம் திரும்ப நிமிர முடியாது என்பது அவற்றுக்குத் தெரியும். இனித் தன் ஊர்க் கப்பல் வந்தாலும் பார்க்க முடியாது என்பதும் தெரியும்.

ஒற்றைப் பனை இரண்டு சிகரத்துக்கும் நடுவில் தனியாக எழுந்து நின்றது. பாய்கள் ஒரே நேரத்தில் திரும்பின. ஒன்றன் பின் ஒன்றாகப் பதினோரு தோணியும் நூல் பிடித்தாற்போல வழிக்குள் நுழைந்தன.

மாடக்கண்ணு ஈர வேட்டியோடு குன்றேறி வந்தபோது வெயிலுகந்தாள் மூத்தவளின் அடிக்கட்டையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். யார் வெட்டியது என்று கேட்டான். நான்தான் என்றாள். அவன் அடிக்கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பின்னாலேயே வந்த பத்துத் தோணிக்காரர்களும் அப்படியே செய்தார்கள். பிறகு ஒவ்வொரு மரமாகப் போய், "எங்களுக்காகக் கடலை விட்டுட்டீங்க" என்று சொல்லித் தொட்டார்கள். அந்தக் குன்றில் எவனும் வீடு கட்டக்கூடாது, அது மரத்துக்கும் வந்து உட்காருகிறவர்களுக்கும்தான் சொந்தம் என்று ஊர் கூடிப் பேசியதும் அன்றைக்குத்தான்.

ஊர் நகரமாகிவிட்டது. துறைமுகத்தில் பெரிய பெரிய கிரேன்கள் நிற்கின்றன. இன்றைக்கு வருகிற கப்பல்களுக்குப் பனையும் வேண்டாம், சிகரமும் வேண்டாம். குன்று நகராட்சிப் பூங்காவாகி, சிமெண்ட் பெஞ்சும் சுண்டல் வண்டியும் வந்துவிட்டன. பருந்து மட்டும் இன்னும் ஓரிடத்தில் நிற்கப் பழகாமல் பனையைச் சுற்றி வட்டம் போடுகிறது. மரங்கள் இன்றும் கடலுக்கு முதுகு காட்டி வளைந்தே நிற்கின்றன. தோணிகள் கரை சேர்ந்த அன்று முதல்தான், அந்தக் குன்றில் ஏறிவருகிறவர்கள், சின்னப் பிள்ளைகள்கூட, முதலில் ஒரு மரத்தின் முதுகைத் தொட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் கடலைப் பார்க்கிறார்கள்.