பாக்கியத்தாயக்கா நல்லா இருக்காங்க

குருவுக்கு முப்பத்தெட்டு வயது, சிஷ்யனுக்கு நாற்பத்தாறு. சிரிக்காதீர்கள், எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவில் அப்படித்தான். டாக்டர் ரெஹானா பாடம் நடத்துகிறவர். டாக்டர் சிவனணைந்தான் கிராமத்து சுகாதார நிலையத்தில் காலம் தள்ளிவிட்டு மேல்படிப்புக்கு வந்தவர். நான் அங்கே நர்ஸ்.

ஒருநாள் சிவனணைந்தான் கேட்டார்.

"மேடம், நாள்பட்ட சைனஸ் கட்டுக்குள்ள இருக்கான்னு எதை வச்சு முடிவு பண்றது? நாம பார்க்கிறதையா, நோயாளி சொல்றதையா?"

"அடுத்தவங்களைக் கூப்பிடுங்க சார்."

வந்தது பாக்கியத்தாயக்கா. மிளகாய் வத்தல் கிடங்கில் வேலை. மூக்குக்குள் சதை வளர்ந்து, அடுத்த வாரம் ஆபரேஷன். லிஸ்டில் பேரை அடித்தால் மறுபடி இடம் கிடைக்க ஆறு மாசம் ஆகும். அடித்துவிடச் சொல்லிக் கேட்கத்தான் அக்கா வந்திருந்தார்.

"நல்லா இருக்கேன் சார். கத்தி எதுக்கு?"

சிவனணைந்தான் விடவில்லை. மூக்கடைப்பு? இல்லை. சளி? இல்லை. முகத்தில் வலி? கிடையாது. வாசனை?

"மல்லி, பெருங்காயம், எல்லாம் தெரியுது."

தூக்கம்?

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன்."

மூக்குக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்த்தார். சதை நன்றாகச் சுருங்கியிருந்தது. மனுஷனுக்கு வாயெல்லாம் பல். லிஸ்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"பேனாவை மூடுங்க சார்" என்றார் மேடம். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "மூக்கு அடைச்சா என்ன பண்ணுவீங்க?"

"எங்க அடைக்குது? அடைக்கிற மாதிரி இருந்தாலே போட்டுக்குவேனே."

"எதை?"

அக்கா பையைத் துழாவி ஒரு மருந்துச் சீட்டை எடுத்தார். லேமினேட் பண்ணியிருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை, ஏழு நாளைக்கு. தேதி போன வருஷம் ஆவணி. கையெழுத்து சிவனணைந்தானுடையது.

"சாரு கைராசிக்காரரு. எந்தக் கடையில காட்டினாலும் குடுத்துடுறாங்க. மழையில நனைஞ்சிடக் கூடாதுல்ல, அதான்."

"மாசத்துல எத்தனை நாள் போடுறீங்க?"

"இருபது நாள் இருக்கும்."

மேடம் என்னைப் பார்த்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். முந்நூற்று நாற்பது. அக்காவுக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. காலையில்தான் நான், "முகம் நல்லாப் பூரிச்சிருக்கே அக்கா" என்று சொல்லியிருந்தேன். சர்க்கரையை ஏற்றி முகத்தை ஊதவைத்ததும் அந்த மாத்திரைதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஆபரேஷன் வேணாம்ல டாக்டரம்மா?"

"வேணும்மா. முதல்ல சர்க்கரையை இறக்கணும். இந்த மாத்திரையைச் சட்டுனு நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா நாங்க குறைச்சுத் தர்றோம். இன்னிக்கே வார்டுல சேர்ந்துடுங்க. பேர் லிஸ்ட்ல இருக்கட்டும்."

அக்கா ஒன்றும் புரியாமல் சிவனணைந்தானைப் பார்த்தார். அவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவை வார்டுக்கு அனுப்பிவிட்டு வந்தேன். சிவனணைந்தான் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு கேள்வியும் கேட்டேன் மேடம். அஞ்சுக்கும் சரியாத்தான் சொன்னாங்க."

"மாத்திரை சொல்லுச்சு சார்."

"குழாய்லயும் பார்த்தேனே."

"அதுலயும் மாத்திரையைத்தான் பார்த்தீங்க."

"அப்போ எதை வச்சுத்தான் முடிவு பண்றது?"

"இந்த வருஷம் நல்லாயிட்டாங்கன்னு எத்தனை பேரை லிஸ்ட்ல அடிச்சீங்க?"

"பதினாலு பேர்."

மேடம் மேஜை மேலிருந்த போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒவ்வொருத்தரையா கூப்பிடுங்க. எப்படி இருக்கீங்கன்னு மட்டும் கேட்காதீங்க."