நல்லா இருப்பீங்க மகராசா

ராஜா வாய்க்கால் வெட்டிய நாளிலிருந்து மருதங்குடி இரண்டாகப் பிளந்து போச்சு. தண்ணீர் கிடைத்த கீழத்தெரு ராஜாவைக் கும்பிட்டது. வாய்க்காலுக்கு நிலத்தைப் பறிகொடுத்த மேலத்தெரு அவர் பேரைக் கேட்டாலே காறித் துப்பியது.

ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு தெருவுக்கும் நடுவில் உப்பு விற்கும் ஒச்சாயியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நான் பல்லக்கில் வரும்போது ஊரே ஒரே வார்த்தை சொல்லி வாழ்த்தணும். இல்லாவிட்டால் உன் கடை இருக்காது!"

"வார்த்தை ஒண்ணா இருந்தாப் போதுமுங்களா? பிறகு அது இதுன்னு கேக்கக் கூடாது, மகராசா."

"கேட்க மாட்டேன், போ!"

ஒச்சாயி கீழத்தெருவில் வாழ்த்து வார்த்தையைச் சொல்லிவிட்டு நேரே மேலத்தெருவுக்குப் போனாள். "நல்லா இருப்பீங்கன்னு சொல்லுங்கப்பா. எப்படிச் சொல்றதுங்கிறது உங்க வயித்தெரிச்சல்."

மறுநாள் பல்லக்கு வந்தது. "நல்லா இருப்பீங்க மகராசா, நல்லா இருப்பீங்க!" இரண்டு தெருவும் தொண்டை கிழியக் கத்தின. ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. அந்த உச்சியிலேயே கீழத்தெரு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது. மேலத்தெரு மண்ணை வாரித் தூற்றியது.

"அடியே! இதுவா வாழ்த்து?"

"வாய்க்குத்தானே பேசினோம், கைக்குப் பேசலையே," என்றாள் ஒச்சாயி. "அவங்களுக்குத் தண்ணி குடுத்தீங்க. இவங்களுக்கு மண்ணைத்தானே மிச்சம் வச்சீங்க? அவங்கவங்க வாங்கினதைத் திருப்பித் தர்றாங்க."

பதில் சொல்ல ராஜா வாயைத் திறந்தார். மீசையில் ஒழுகிய சேறு உள்ளே போனது.