தாசில்தார் கண்ட வயல்

சீனக் கடற்கரையில் ஷாவெய் என்றொரு மீன்பிடி ஊர். அதை மலைநாட்டு மாவட்டத்தோடு சேர்த்ததும், கடலையே பார்த்திராத தாசில்தார் கோ வந்து இறங்கினார். அப்போது கடல் உள்வாங்கியிருந்த நேரம். கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

"இத்தனை நிலத்தைச் சும்மா போட்டுவிட்டுச் சிப்பியா பொறுக்குகிறீர்கள்? இனி நெல்தான். சிப்பிக் கூடையோடு யாரைப் பார்த்தாலும் சிறை!"

சிப்பியை நம்பியே மூன்று பிள்ளைகளை வளர்ப்பவள் ஷியூலான். கடல் ஏறும் நேரம் அவளுக்கு அத்துப்படி.

"புண்ணியமாகப் போகும் ஐயா. நடுவயலில் உங்கள் கையாலேயே எல்லைக்கல் நட்டுக் கொடுங்கள்" என்று குனிந்து வணங்கினாள்.

பட்டு அங்கியும் குடையுமாகத் தாசில்தார் அரை மைல் நடந்தார். கல்லை நட்டு நிமிர்வதற்குள் தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

"யாரடி மடையைத் திறந்தது?"

"கடல்தான் ஐயா. தினம் இரண்டு வேளை அதுவே பாய்ச்சிவிடும். நாற்று நடுவதை மட்டும் நீங்கள் நின்று காட்டுங்கள்."

அலறியவரைச் சிப்பிக்காரிகள்தான் தூக்கிவந்து கரைசேர்த்தார்கள். உத்தரவு அன்றே ரத்து. ஊர்ப்பெண்கள் ஷியூலானின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவளோ கடலைப் பார்த்துக் கைகுவித்தாள்.

"சொன்ன நேரத்துக்கு வந்தாயே, தாயே! அரசாங்கத்தில் உன்னைப்போல் ஒருத்தர் உண்டா?"