வெளிதேசம் போகிறவர்களுக்கு மூன்று மீன்

மலையடிவாரத்தில் நாணல்மடை என்றொரு ஏரி. அதில் சேந்தன் என்ற நீர்நாய் தனியாக வாழ்ந்து வந்தான். ஒரு பெருமழையில் மதகு உடைந்தபோது அவன் மனைவியும் குட்டிகளும் வெள்ளத்தோடு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஏரியில் நீர்நாய் என்று சொல்ல அவன் ஒருவன்தான்.

நீர்க்காகங்கள் இருந்தன. ஆனால் மீன் பிடிப்பதில் அவர்களுக்கும் அவனுக்கும் போட்டி. பேச்சுவார்த்தை கிடையாது.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் பனிமலைக்கு அப்பாலிருந்து பட்டைத்தலை வாத்துகள் வந்து இறங்கும். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட பெரிய வாத்துகள். வாய் ஓயாமல் பேசுவார்கள். தங்கள் தேசத்தில் ஏரி கல்போல இறுகிவிடும் என்றும், அதன்மேல் நடந்தே அக்கரைக்குப் போவார்கள் என்றும் சொல்வார்கள். எத்தனை தடவை கேட்டாலும் சேந்தனுக்கு அலுக்காது. "தண்ணி மேலே நடப்பீங்களா? இன்னொரு தடவை சொல்லுங்க" என்பான்.

வாத்துகளுக்கு உடம்பு கனம். நின்ற இடத்திலிருந்து எழும்ப வராது. தண்ணீரின் மேல் தடதடவென்று நெடுந்தூரம் ஓடித்தான் எழும்ப வேண்டும். ஏரியிலோ அல்லிக்கொடி மண்டிக் கிடந்தது. சேந்தன்தான் தண்டுகளைக் கடித்து இழுத்துப் போட்டு, ஏரியின் நடுவே நீளமாக ஓர் ஓடுபாதை உண்டாக்கிக் கொடுத்தான். அதற்கு அவன் எதுவும் கேட்டதில்லை.

மாசியில் தென்றல் எழும். ஒரு காலையில் ஓடுபாதை முழுக்கச் சிறகுச் சத்தம் கேட்கும். அப்புறம் ஒன்றுமே கேட்காது. சேந்தன் வாத்துகள் படுத்திருந்த கரைக்குப் போவான். புல் அமுங்கிக் கிடக்கும். அந்த இடத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவான். பேச்சுக் கேட்க மறுபடி ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும்.

ஒரு மாசியில் அவனுக்கு அந்த யோசனை வந்தது. கிளம்புவது சுலபமாக இருப்பதால்தானே கிளம்பிவிடுகிறார்கள்!

கூட்டம் கிளம்பத் தயாரான காலையில் அவன் ஓடுபாதையின் குறுக்கே போய் மிதந்தான்.

"வெளிதேசம் போகிறவங்க எல்லாரும் தலைக்கு ஒரு மீன் வைக்கணும்" என்றான்.

கூட்டத்தின் தலைவி நெடுங்கழுத்தி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "எதுக்கு அண்ணே?"

"பாதை துப்புரவுக்கு."

"நாங்க புல் தின்கிறவங்க. மீனுக்கு எங்கே போவோம்?"

"அது உங்க பாடு."

நெடுங்கழுத்தி கோபப்படவில்லை. அவன் வருஷம் முழுக்க உழைத்திருக்கிறான், கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று நினைத்தாள். வாத்துகள் நீர்க்காகங்களிடம் போய், அவர்கள் கூடுகளுக்குக் காவல் நின்று, கூலியாக மீன் வாங்கி வந்தார்கள். கிளம்புவது நாலைந்து நாள் தள்ளிப் போயிற்று. அந்த நாலைந்து நாளும் சேந்தன் அவர்கள் நடுவிலேயே கிடந்து கதை கேட்டான். அவர்கள் வைத்த மீன்களை அவன் தொடக்கூட இல்லை. கரையில் நாறிக் கிடந்தவற்றைப் பருந்துகள் தூக்கிக்கொண்டு போயின.

அடுத்த வருஷம் தலைக்கு இரண்டு மீன் ஆயிற்று.

"இது எதுக்கு?"

"காவலுக்கு. நரி வராம பார்த்துக்கிட்டேன் இல்லையா?"

"நரி வந்த அன்னிக்கு நீங்க வளையிலே தூங்கிட்டு இருந்தீங்களே அண்ணே."

"நான் இருக்கிறது தெரிஞ்சுதான் அது திரும்பிப் போச்சு" என்றான் சேந்தன். சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் இந்த முறை ஒரு வாரத்துக்கு மேல் தங்கினார்கள்.

அதற்கும் அடுத்த வருஷம் மூன்று மீன். மூன்றாவது எதற்கு என்று அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அந்த வருஷம் அவனோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். அவன் பக்கத்தில் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் புல் மேய்ந்தார்கள்.

கிளம்பும் நாள் வந்தது. ஒவ்வொருவராக மீனை வைத்துவிட்டு ஓடுபாதையில் இறங்கினார்கள். நெடுங்கழுத்தியின் தங்கை வெண்ணி கடைசியில் நின்றாள். அவளுக்கு முன்னால் அக்காவின் மகன், சின்னக் குஞ்சு. அவன் அலகில் ஒரே ஒரு மீன்தான் இருந்தது. வெண்ணி தன்னிடமிருந்ததில் இரண்டை எடுத்துச் சத்தமில்லாமல் அவன் முன்னால் வைத்தாள்.

சேந்தன் அதைப் பார்த்தான். தடுக்கவில்லை. ஒருத்தி இங்கேயே தங்கப் போகிறாள் என்று அவன் மனசு துள்ளியது.

"என்ன பண்ணினே வெண்ணி?" என்றாள் அக்கா.

"நீங்க முன்னாடி போங்க. இவனை வெச்சுக்கிட்டுக் காத்திருந்தா காத்து மாறிடும். நான் மீனைக் கட்டிட்டுப் பின்னாலேயே வந்துடுறேன்."

நெடுங்கழுத்தி சேந்தனைப் பார்த்தாள். சேந்தன் தண்ணீரைப் பார்த்தான். கூட்டம் ஓடி எழுந்து வடக்கே போயிற்று.

வெண்ணி இரண்டு நாள் காவல் நின்று மீன் கொண்டு வந்தாள். "மூணு இருக்கு. வழி விடுங்க அண்ணே."

"கூட்டத்தோட போனாத்தான் மூணு" என்றான் சேந்தன். "தாமதமாப் போனா நாலு."

வெண்ணி நாலாவது மீனுக்காகத் திரும்பிப் போனாள். அதற்குள் நீர்க்காகக் குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்துவிட்டது. கூடுகளுக்குக் காவல் தேவைப்படவில்லை. நீர்க்காகங்கள் கால்வாய்ப் பக்கம் போய்விட்டார்கள். பிறகு ஒரு மதியம் தென்றல் நின்றது. வடக்கிலிருந்து அனல் வீசியது. அந்த எதிர்க்காற்றில், துணையில்லாமல், பனிமலையைத் தாண்டுவது நடக்காத காரியம்.

அந்தக் கோடையில் நாணல்மடை ஏரியில் இரண்டு பேர் இருந்தார்கள்.

சேந்தன் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. கால்வாய் ஓரத்திலிருந்து இளம்புல் பறித்து வந்து அவள் முன்னால் போடுவான். மதகு உடைந்த கதையைச் சொல்வான். முதலை ஒன்று வழிதவறி வந்த கதையைச் சொல்வான். வெண்ணி "ம்" என்பாள். சில நேரம் அதுவும் சொல்ல மாட்டாள். எந்நேரமும் வடக்கே பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாள்.

"பசிக்குதா தங்கச்சி?"

"இல்லை."

"வெயில் ரொம்ப இருக்கா?"

"இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. யாரும் இல்லாத கோடைகளை அவன் பார்த்திருக்கிறான். பக்கத்தில் ஒருத்தி இருந்தும் யாரும் இல்லாதது போலிருந்த இந்தக் கோடை அவற்றைவிடப் பெரியதாக இருந்தது.

ஏரி சுருங்கியது. வெண்ணியின் சிறகு மங்கி, கழுத்து மெலிந்தது. பனி தேசத்துப் பிறவியான அவளுக்குச் சித்திரை வெயில் தாங்கவில்லை. ஒருநாள் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு சேற்றில் சாய்ந்துவிட்டாள். சேந்தன் பயந்துபோனான். தன் வளைக்கு முன்னால் இருந்த கடைசி ஆழக் குழிக்கு அவளை முட்டித் தள்ளிக்கொண்டு போனான். நாணலை வளைத்து நிழல் செய்தான். அவள்மேல் தண்ணீரை வாரி வாரி இறைத்தான்.

சாயங்காலம் அவள் கண் திறந்தாள். ரொம்ப நாள் கழித்து அவளாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, அத்தனை மீனையும் நீங்க ஏன் தின்னவே இல்லை?"

"எனக்கு மீனா வேணும்? நானே பிடிச்சுக்குவேன்."

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

சேந்தன் பாதங்களை நக்கினான். மீசையைத் துடைத்தான். கடைசியில் சொன்னான்: "நீங்க போயிட்டா இங்கே பேச ஆள் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமேன்னு பார்த்தேன்."

வெண்ணி கழுத்தை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

"அதைச் சொல்லியிருந்தா இருந்திருப்போமே" என்றாள். "எங்க அக்காவே இருக்கச் சொல்லியிருப்பா. காத்து அனுமதிக்கிற வரைக்கும் இருந்து, சொல்லிட்டுப் போயிருப்போம்."

அவள் திட்டியிருந்தால் சேந்தன் பதில் சொல்லியிருப்பான்.

மறுநாள் முதல் அவன் கதை சொல்வதை விட்டுவிட்டு வேலையில் இறங்கினான். காய்ந்த ஏரியில் அல்லிக்கிழங்குகளைத் தோண்டி எறிந்தான். மழை வந்து தண்ணீர் நிரம்பியதும், எழும்பி வந்த கொடிகளையும் விடாமல் அறுத்தான். ஓடுபாதை முன் எப்போதும் இல்லாத அளவுக்கு நீண்டு தெளிந்து கிடந்தது. வெண்ணியும் மெல்லத் தேறினாள்.

ஐப்பசி முடிந்தது. வானத்தில் பழகிய சத்தம் கேட்டது. சேந்தன் நீந்தி நடு ஏரிக்கு வந்து அண்ணாந்து பார்த்தான். கூட்டம் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றியது. இறங்கவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றியது. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஏரியைப் பார்த்துத் திரும்பியது.

"அக்கா!" என்று கத்தினாள் வெண்ணி.

மேலிருந்து நெடுங்கழுத்தியின் குரல் பதில் சொன்னது. கூட்டம் உயரத்திலேயே வட்டமிட்டுக் காத்து நின்றது.

வெண்ணி ஓடுபாதையின் முனைக்கு வந்தாள். சேந்தன் பாதையோரத்து அல்லிக்கொடிகளுக்குள் ஒதுங்கி வழி விட்டான்.

"ஒண்ணும் வைக்க வேண்டாம் தங்கச்சி. போ" என்றான்.

"கோடையிலே என்னைக் காப்பாத்தினீங்க. அதை மறக்க மாட்டேன்" என்றாள் வெண்ணி. சிறகை விரித்தாள். "போறேன் அண்ணே."

போயிட்டு வர்றேன் என்று அவள் சொல்லவில்லை. சேந்தன் அதற்காகக் காத்திருந்தான். அவள் ஓடி, எழுந்து, கூட்டத்தில் கலந்து, மலைக்கு அப்பால் மறைந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து, மலைக்கு அந்தப் பக்கமிருந்து வாத்துகளின் பேச்சுச் சத்தம் லேசாகக் கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் புரியவில்லை.

மறு வருஷம் தூர தேசத்திலிருந்து வந்த ஓர் உள்ளான் குருவி களைத்துப்போய் அவன் கரையில் இறங்கியது. சேந்தன் மகிழ்ச்சியோடு அருகே போனான். குருவி இரண்டடி பின்வாங்கியது.

"இங்கேயிருந்து கிளம்ப என்ன வைக்கணும்?" என்று கேட்டது.

"ஒண்ணும் வைக்க வேண்டாம். இருக்கிற வரைக்கும் இரு. உனக்குத் தின்ன ஏதாவது கொண்டு வர்றேன்."

குருவி தலையாட்டியது. சேந்தன் முங்கி, சேற்றுக்குள் துழாவி, வாய் நிறையப் புழுக்களோடு மேலே வந்தான். கரையில் யாரும் இல்லை. ஈர மண்ணில் சின்னச் சின்னக் கால்தடங்கள் தண்ணீர் வரை வந்து நின்றிருந்தன.

போகிறவர்களின் வழியை மறிக்கிறவன், வருகிறவர்களின் வழியையும் சேர்த்தே அடைத்துவிடுகிறான்.